மீளாமல் குடியேறியவர்கள்

அரசாங்கப் படிவங்களில் எங்களையும் 'மீள்குடியேறியோர்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் சரி. 1991இல் காரைநகர்ச் சனம் கிட்டத்தட்ட முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவருக்கு 17 வயது. 2015இல் திரும்பி வரும்போது 41. போனார், மீண்டார். அம்மாவுக்குச் சொந்த ஊர் வேலணை, அவவுக்கும் முக்கால்வாசி சரி. நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது இராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் முகாமில். காரைநகருக்கு வந்த அன்று அக்காவுக்கு 16, தங்கச்சிக்கு 13. அதற்கு முதல் இந்த ஊரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. காணாத ஊருக்கு எப்படி 'மீள்வது' எண்டு அப்ப கேக்கத் தெரியேல்ல.

(எழுதுறது தங்கச்சி, கலைப்பீடம். வாசிச்சு வெட்டுறது அக்கா. நாலு இடத்தில் வெட்டிவிட்டாள். அதனால்தான் 'நாங்கள்'.)

காரைநகரைத் தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் இருந்து பொன்னாலைப் பாலத்தைத் தாண்டினால் வருகிற தீவு. கசூரினா கடற்கரைக்குக் குளிக்கப் போயிருப்பீர்கள். ஈழத்துச் சிதம்பரம் எண்டு சொல்லப்படுகிற சிவன் கோயில் இருக்கு, மார்கழித் திருவெம்பாவைக்கு வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கடற்படை முகாமும் இருக்கு. தொண்ணூறுகளின் பின்பாதியில் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கியது. ஆனால் போன எல்லாரும் வரவில்லை. லண்டன், ரொறன்ரோ, சுவிஸ் எண்டு போனவர்கள் அங்கேயே சங்கம் வைத்து ஊரைப் பார்க்கிறார்கள். ஊருக்குள் நடந்தால் ஒரு வீட்டில் ஆள் இருக்கும், அடுத்த இரண்டு வீட்டில் பூட்டு இருக்கும். எங்கள் அப்பாச்சி 1997இல் தனியாகத் திரும்பி வந்து, கூரை இல்லாத வீட்டின் ஒரு அறைக்குத் தகரம் போட்டு, 18 வருசம் எங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தா. அவவிடம் "நாங்கள் இங்க வரேல்ல, அங்கயிருந்து போயிட்டம்" எண்டு எப்படிச் சொல்லுறது?

மண்டபம் முகாம் நல்ல இடம் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை மறித்து வைத்து நோய் பார்த்து அனுப்பிய இடம் அது. பிறகு அதே இடத்தில் இந்தப் பக்கத்தில் இருந்து போனவர்களை வைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு அறை. கணக்கெடுப்பு நாளில் அத்தனை பேரும் வரிசையில் நிற்கவேண்டும். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அப்பா பெயின்ரிங் வேலைக்கு வாரக்கணக்கில் போய்விட்டு கணக்கெடுப்புக்கு ஓடி வருவார். ஆனால் எங்களுக்கு அதுதான் வீடு. அங்கே அரசுப் பள்ளிக்கூடம், சத்துணவு, பாம்பன் பாலத்தில் ரயில் போகும் சத்தம், முகாம் வாசலில் பணியாரம் விற்கும் பாட்டி. அக்கா 10ஆம் வகுப்பில் 500க்கு 412 எடுத்தாள். பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசாங்கம் இலவசச் சைக்கிள் தரும். பச்சையா நீலமா எண்டு அவளும் சிநேகிதியும் கதைத்துக்கொண்டிருந்த மாதத்தில்தான் அப்பா எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார், "ஊருக்குப் போறம்."

யூ.என்.எச்.சீ.ஆர் ரிக்கெற் போட்டுத் தந்தது. திருச்சியில் இருந்து கட்டுநாயக்கா. வாழ்க்கையில் முதல் விமானப் பயணம், ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. அப்பா யன்னல் பக்கம் இருந்து அழுதார், சந்தோசத்தில. அக்காவும் அழுதாள். விமானத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே அழுகையாகத்தான் தெரிந்திருக்கும்.

வந்த முதல் கிழமையே விளங்கிய விசயம், கிணற்றுத் தண்ணி உவர். குடிக்க பவுசரில் வரும். அடுத்தது, தமிழ். எங்கள் வீட்டில் அம்மா அப்பா கதைத்தது யாழ்ப்பாணத் தமிழ்தான், எங்களுக்கு விளங்கும். ஆனால் வாயில் வருவது மண்டபத்துத் தமிழ். "ஆமா" என்றால் வகுப்பே சிரிக்கும். "சார் என்கிட்ட பேசினாரு" எண்டு அக்கா சொன்னால், "ஏன், என்ன பிழை செய்தனீ?" எண்டு கேட்பார்கள். இங்கே பேசுறதெண்டால் ஏசுறது, அங்கே கதைக்கிறது. ஒரு மாதத்தில் எங்களுக்குப் பெயர் 'இந்தியா' ஆகிவிட்டது. மண்டபத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இருந்த பெயர் 'சிலோன்'. இதைச் சொல்லி இப்ப சிரிக்கிறம், அப்ப சிரிக்கேல்ல.

பாடப்புத்தகத்திலும் அதே கதை. அங்கே இயற்கணிதம், இங்கே அட்சரகணிதம். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். கணக்குத் தெரியும், கேள்வி விளங்காது. வரலாறு முழுக்கப் புதுசு. சிங்களம் ஒரு எழுத்தும் தெரியாது. தங்கச்சியை எட்டாம் வகுப்பு முடித்த பிறகும் தரம் எட்டில் விட்டார்கள். அது பரவாயில்லை, அந்த வயசில் ஒரு வருசம் பெரிசில்லை. 412 எடுத்து 10 முடித்த அக்காவைத் தரம் 10இல் இருத்தினார்கள், ஓ.எல் எடுக்கவேண்டும் எண்டு. சட்டப்படி அதுதான் சரியாக இருக்கலாம். ஆனால் முதல் நாள் ஒரு ஆசிரியர் வகுப்புக்கு அறிமுகம் செய்த விதம்: "இவ பத்தாம் வகுப்பைத் திரும்பப் படிக்கப் போறா." பெயிலான பிள்ளை எண்டே எல்லாரும் நினைத்தார்கள். அக்கா திருத்தவில்லை. திருத்த வாய் திறந்தால் 'ஆமா' வந்துவிடும்.

அதோடு பேப்பர் பிரச்சினை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரஜையாவதற்கு குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பதியவேண்டும். எங்களிடம் இருந்தது இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும். அப்பாவின் பழைய பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் போய்விட்டது, அதை எடுக்காமல் எங்களுடையதைப் பதிய ஏலாது. கிராம சேவையாளர், பிரதேச செயலகம், கச்சேரி, பிறகு கொழும்பு. அக்காவுக்கு அடையாள அட்டை எடுக்கிற வயது வந்து தாண்டியும் போய்விட்டது. வகுப்பில் எல்லாரும் அட்டைக்குப் படம் எடுத்த நாள் இவள் மட்டும் மேசையில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். இந்தியாவில் அகதி, இங்கே இன்னும் பிரஜை இல்லை. 16 வயதில் ஒரு பிள்ளைக்கு அது வெறும் அலுவலக விசயமாகத் தெரியாது. தன்னில்தான் ஏதோ பிழை எண்டு அது எடுத்துக்கொள்ளும்.

அக்காவுக்கு முதல் வந்தது தலையிடி. பள்ளிக்கூட நாளில் மட்டும் வயிற்றுக்குத்து. பிறகு இரவில் நித்திரை இல்லை, பகலில் எழும்ப மாட்டாள். சாப்பாடு குறைந்தது. கதை குறைந்தது. 2016 தை மாதம் அளவில் அவள் வீட்டில் ஒருவரோடும் ஒரு வசனத்துக்கு மேல் கதைப்பதில்லை. இரவு 12 மணிக்குக் கிணற்றுக் கட்டில் போய் இருப்பாள். அம்மா பின்னால் போய், கொஞ்சம் தள்ளி, படியில் இருப்பா. அந்தக் கிணற்றைப் பற்றி அம்மா என்ன பயந்தா எண்டு ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த மாதம் கிணற்றுக்கு ஒரு இரும்பு மூடி வந்தது.

சனம் சொன்னதைக் கேட்டால்: "சொந்த மண்ணுக்கு வந்திட்டியள், பிறகென்ன குறை?" இன்னொருவர், "படிக்கக் கள்ளம்." இன்னொருவர், "அங்க ஆரையும் விரும்பினவளோ?" அப்பாச்சி, "பிள்ளை எங்கயோ பயந்திட்டுது." அப்பாச்சிதான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் திருநீறு போடுவித்து நூல் கட்டுவித்தா. பல்கலைக்கழகத்தில் இதைச் சொன்னால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அக்கா சொல்வது வேற: "அந்த ஒன்பது மாதத்தில் என்ர தலையில கை வைச்ச முதல் ஆள் அந்த ஐயர்தான். அதுக்காகவே நல்லா இருந்தது." அப்பாச்சியின் 'பயந்திட்டுது' எண்ட சொல்லிலும் ஒரு நியாயம் இருக்கு. அது பிள்ளையைக் குற்றம் சொல்லாத சொல். 'கள்ளம்' அப்படியில்லை.

பிறகு ஒரு தூரத்துச் சொந்தக்கார மாமி, தாதியாக இருந்தவ, எங்களை யாழ்ப்பாணத்தில் ஒரு மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனா. அம்மா 'கண் டொக்டரிட்ட' எண்டு அயலுக்குச் சொன்னா. அங்கே வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "கனக்க யோசிக்கிறனீங்களோ?" யாழ்ப்பாணத்தில் யோசிக்கிறதெண்டால் கவலைப்படுறது. அம்மா அப்பாவுக்குச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறாள்தான். ஆனால் ஆஸ்பத்திரியில், மேசைக்கு எதிரில் இருந்து கேட்டபோது அது அவளுக்குப் பாடப்புத்தகச் சொல்லாக விழுந்தது. "இல்ல சார், இப்பல்லாம் ஒண்ணும் யோசிக்க முடியல" எண்டு சொன்னாள். அவர் 'கவலை இல்லை' எண்டு எழுதப் போனார். மாமிதான் இடையில் புகுந்து மொழிபெயர்த்தா, தமிழில் இருந்து தமிழுக்கு. நல்ல மனிதர், பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார், அக்காவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு தரமும் "உங்கட ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவீங்க?" எண்டு கேட்டுக் கேட்டுத்தான் கதைத்தார். 'உங்கட ஊர்' எண்டு அவர் மண்டபத்தைச் சொன்னார். அதுவரைக்கும் மண்டபத்தை எங்கட ஊர் எண்டு சொல்ல எங்களுக்கு ஒருவரும் அனுமதி தந்ததில்லை.

கலைப்பீடத்துக்கு வந்த பிறகு நூலகத்தில் இதைப் பற்றித் தேடி வாசித்தோம். வடக்கில் மனநலம் எண்டால் முதலில் வருகிற பெயர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். யாழ். மருத்துவ பீடத்தில் படிப்பித்தவர். போரின் உளவடுக்கள் பற்றி 1998இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' எழுதினார், 2014இல் 'ஸ்கார்ட் கொம்யூனிட்டிஸ்'. இரண்டு தலைப்புக்கும் இடையிலேயே அவருடைய வாதம் இருக்கு: காயம் தனி மனதில் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கு, அதனால் ஆற்றுவதும் அங்கேயிருந்துதான் தொடங்கவேண்டும். கோயில், சடங்கு, உறவு எல்லாவற்றையும் அவர் மருந்துக்கு எதிராக வைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 'சாந்திகம்' போன்ற நிறுவனங்கள் எண்பதுகளில் இருந்தே உளவளத்துணை செய்கிறதும் இந்த வழியில்தான்.

ஆனால் எங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கு. இங்கே உளவடு எண்டவுடன் எல்லாரும் ஷெல்லையும் முள்ளிவாய்க்காலையும் தேடுகிறார்கள். எங்களை விசாரித்த ஒரு உத்தியோகத்தரும் முதலில் கேட்டது, "என்னத்தைக் கண்டனீங்கள்?" நாங்கள் ஒன்றையும் காணவில்லை. குண்டுச் சத்தம் கேட்டதில்லை. கண்டவர்கள் அம்மாவும் அப்பாவும். அப்ப எங்களுக்கு என்ன நடந்தது? காயத்ரி பெர்னாண்டோவும் கென்னத் மில்லரும் டேல் பேர்கரும் இலங்கை இளவயதினரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை வாசித்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது. போர், சுனாமி போன்ற பெரிய அடிகள் ஒரு பக்கம். அன்றாடம் வருகிற இல்லாமை, வீட்டுப் பிரச்சினை, ஒதுக்கல் போன்ற சின்னச் சின்ன நெருக்குதல்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதும் பிள்ளைகளின் மனநிலையைத் தன்பாட்டில் பாதிக்கிறது எண்டு அது சொல்லுது. அக்காவை வீழ்த்தியது உவர்த்தண்ணியும் 'இந்தியா'வும் திரும்பப் படித்த பத்தாம் வகுப்பும் வராத அடையாள அட்டையும்தான். பெரிய கதை இல்லாததால் அது நோயாகவே தெரியவில்லை. அப்பாவுக்கு 2015 திரும்பி வந்த வருசம். எங்களுக்கு அது முதல் இடப்பெயர்வு. ஒரே வீட்டுக்குள் இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

வெளிநாடுகளிலும் இதுதான் ஓடுது. சுவீடனில் 2000களின் தொடக்கத்தில் இருந்து அகதி அந்தஸ்துக்குக் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் படுக்கையில் விழுந்து, சாப்பிடாமல் கதைக்காமல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 2014இல் அந்த நாடு அதை ஒரு தனி நோய் நிலையாக ஏற்றுக்கொண்டது. குடும்பத்துக்கு வதிவிட அனுமதி கிடைத்த பிறகு பல பிள்ளைகள் மெல்ல மெல்ல எழும்பினார்கள் எண்டு எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் எங்களை நடிக்கச் சொன்னார்கள் எண்டு பின்னாளில் சிலர் சொன்னார்கள், அந்த விவாதம் முடியவில்லை. அக்காவுக்கு வந்தது அந்த நோயும் இல்லை. ஆனால் ஒரு முத்திரை குத்திய கடதாசி மருந்து மாதிரி வேலை செய்யும் எண்டதை எங்கள் வீட்டில் நம்பச் சொல்லித் தரத் தேவையில்லை. குடியுரிமைச் சான்றிதழ் வந்த அன்று அக்கா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அப்பாவின் அண்ணன் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான், எங்களுடைய வயது. அவன் 12 வயதில் போனவன். அங்கே பள்ளிக்கூடத்திலேயே ஒரு ஆலோசகர், முதல் வருசம் மொழிக்குத் தனி வகுப்பு. புதுப் பிள்ளை தடுமாறும் எண்டு முதலே எதிர்பார்த்து வைத்திருக்கிறார்கள். அவனும் தடுமாறினான்தான், இப்பவும் மருந்து எடுக்கிறான், அதை போனில் வெளிப்படையாகவே சொல்வான். அந்நிய நாட்டுக்குப் போன பிள்ளைக்குக் கஷ்டம் வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். 'சொந்த நாட்டுக்கு' வந்த பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. நன்றியோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அக்கா எப்படித் தேறினாள் எண்டு கேட்பீர்கள். ஒரே காரணம் சொல்ல ஏலாது. கொஞ்ச நாள் குளிசை எடுத்தாள். இரவில் பழைய ரேடியோவில் திருச்சி வானொலியும் காரைக்கால் பண்பலையும் பிடித்துக் கேட்பாள், காற்று நல்லாய் இருந்தால் தெளிவாகக் கேட்கும். நித்திரை வரத் தொடங்கியது அதோடுதான். அப்பாச்சி முதலில் ஏசினா, பிறகு பக்கத்தில் இருந்து தானும் கேட்டா. 2016 மார்கழியில் படம் ஒட்டி உறுதிப்படுத்திய கடிதத்தோடு போய் ஓ.எல் எழுதினாள், கணிதத்தில் ஏ. ஏ.எல் வேண்டாமெண்டு தையல் பழகினாள். இப்ப வெளிநாட்டுக்காரர் கோயில் திருவிழாவுக்கு வரும் மாதங்களில் அவளுக்குச் சட்டை தைச்சு முடிக்க நேரம் போதாது. அப்பா அதே ஆட்களின் பூட்டின வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறார். தங்கச்சி தப்பினது வயது குறைவு எண்டதால் மட்டும்தான். இந்த வரியை வெட்டச் சொல்லி அக்கா சண்டை பிடிக்கிறாள், வெட்டவில்லை.

இவ்வளவையும் இப்ப எழுதுறதுக்குக் காரணம் சித்தி. அம்மாவின் தங்கச்சி, இன்னும் மண்டபத்தில்தான். மகனுக்கு 14. 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம் எண்ட பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எண்டு மாற்றியது. பெயர் மாறினாலும் குடியுரிமை இல்லை. 100க்கு மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். சித்தி வட்ஸ்அப்பில் கேட்கிறா: "வரலாமா? உங்களுக்குத்தான் தெரியும்." 2022இல் இங்கே பெற்றோலும் பால்மாவும் இல்லாமல் போனபோது மன்னாரில் இருந்து திரும்பவும் படகேறி தனுஷ்கோடியில் இறங்கியவர்களை அவ கண்ணால் கண்டவ. அதில் முதல் ஒருக்கா திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். 2025 மே மாதம் முகாமில் இருந்து திரும்பி வந்த 70 வயதைத் தாண்டிய ஒருவரை, அந்தக் காலத்தில் சட்டப்படி வெளியேறவில்லை எண்டு பலாலி விமான நிலையத்தில் பிடித்த செய்தியையும் அவ வாசித்திருக்கிறா. எண்டாலும் கேட்கிறா. அங்கேயும் 30 வருசம் ஆகிவிட்டது.

வா எண்டோ வராதே எண்டோ நாங்கள் சொல்லவில்லை. இரண்டு நாள் இருந்து யோசித்து (இரண்டு அர்த்தத்திலும்) ஒரு நீண்ட மெசேஜ் அனுப்பினோம். வாறதெண்டால் 10ஆம் வகுப்புக்கு முதல் வாங்கோ, இல்லாட்டி பிளஸ் டூ முடித்துவிட்டு வாங்கோ, நடுவில் வராதேங்கோ. சித்தப்பாவின் பிறப்புச் சான்றிதழை இப்பவே எங்களுக்குப் படம் எடுத்து அனுப்புங்கோ, இங்கே நாங்கள் அலைகிறோம். பிள்ளையின் 5(2) பதிவை சென்னைத் துணைத் தூதரகத்தில் முடித்துவிட்டு வாங்கோ. வந்து முதல் வருசம் அவன் பகலில் படுத்தால் கள்ளம் எண்டு சொல்லாதேங்கோ. எல்லாத்துக்கும் முதல் தம்பியிட்ட கேளுங்கோ, எங்களிட்ட ஒருத்தரும் கேட்கவில்லை.

சித்தியிடம் இருந்து பதில் இல்லை, நீல ரிக் விழுந்து மூன்று நாள். நேற்று இரவு தம்பி தன்ர நம்பரில் இருந்து எழுதியிருந்தான். அங்க சிங்களம் கட்டாயமா, கணக்குப் புத்தகம் பி.டி.எஃப் கிடைக்குமா எண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இருந்து தரம் 9 கணிதப் புத்தகத்தை இறக்கி அனுப்பினோம். அட்சரகணிதம் வருகிற பக்கத்தில் அக்கா தன்ர கையால் 'இயற்கணிதம்' எண்டு எழுதி, அதையும் படம் எடுத்து அனுப்பினாள்.